முதல் காகிதத்துக்கு முன்னால்: காவல் நிலைய விசாரணையும் குடிமக்களின் உரிமைகளும்

"உங்க பேர்ல ஒரு புகார் வந்திருக்கு. சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." தமிழ்நாட்டில் காவல்துறையுடன் பலருக்கு ஏற்படும் முதல் தொடர்பு இப்படியொரு செல்பேசி அழைப்புதான். பேசுபவர் நிலையத்தின் ரைட்டராகவோ ஏட்டாகவோ இருப்பார். புகார் கொடுத்தவர் யார், எந்தச் சட்டப்பிரிவு, வரச் சொல்வது சாட்சியாகவா சந்தேக நபராகவா என்ற விவரமெல்லாம் அழைப்பில் இருக்காது. கேட்டால், "வாங்க, நேர்ல பேசிக்கலாம்" என்பார்.

இந்த அழைப்புக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? போகாவிட்டால் குற்றமா? போனவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வீட்டுக்குத் திரும்பலாமா? இரவு பத்து மணி வரை பெஞ்சில் உட்கார வைத்தால் அவர் காவலில் இருந்ததாகக் கணக்கா, தானாக வந்து உட்கார்ந்திருந்ததாகக் கணக்கா? கைதான பிறகு என்னென்ன உரிமைகள் உண்டு என்று விளக்கும் கையேடுகளுக்குத் தமிழில் குறைவில்லை. எஃப்.ஐ.ஆர். எண் விழுவதற்கு முந்தைய இந்தப் பொழுதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. இக்கட்டுரை அந்தப் பொழுதை ஆராய்கிறது.

வழக்கமான இரண்டு விளக்கங்கள்

காவல் நிலைய அத்துமீறல் பற்றிய விவாதங்களில் இரண்டு விளக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, மக்களுக்குச் சட்ட விழிப்புணர்வு போதவில்லை என்பது. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் முகாம்களும், நிலையச் சுவர்களில் தொங்கும் உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல் பலகைகளும் இந்த நம்பிக்கையில் பிறந்தவை. இரண்டாவது, சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, நடைமுறைப்படுத்துவதில்தான் கோளாறு என்பது. நீதிமன்றத் தீர்ப்புகளே பெரும்பாலும் இந்தத் தொனியில்தான் பேசுகின்றன.

இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனாலும் போதவில்லை. தன் உரிமை தெரிந்தவருக்குக்கூட அதைக் காட்ட ஒரு பிடி வேண்டும். இந்தியக் குற்றவியல் நடைமுறையில் அந்தப் பிடி ஏதாவதோர் ஆவணமாகவே இருக்கிறது: எஃப்.ஐ.ஆர்., ஆஜராகக் கோரும் அறிவிப்பு, கைதுக் குறிப்பாணை, ரிமாண்ட் உத்தரவு. ஆவணம் பிறந்தால் உரிமையும் கூடவே பிறக்கிறது. பிறக்காதவரை உரிமை ஒட்டிக்கொள்ள இடமில்லை. இது சட்டத்தின் கட்டமைப்பிலேயே உள்ள குறை. நடைமுறைக் கோளாறு என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது.

1855: அண்ணாந்தாளும் கிட்டியும்

இந்தச் சட்டக் கட்டமைப்பின் ஒரு முக்கியமான வேர் சென்னை மாகாணத்தில் இருக்கிறது. வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை நடக்கிறது என்ற குற்றச்சாட்டு 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. அதையடுத்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் புகார்கள் குவிந்தன. மாகாணத்தின் தொலைதூரத்திலிருந்து நடந்தே வந்து நேரில் முறையிட்டவர்களும் அவர்களில் உண்டு. அடுத்த ஆண்டு வெளியான அறிக்கை இரண்டு முறைகளை விரிவாக விவரிக்கிறது. ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் பிணைத்து அப்படியே நிறுத்தி வைப்பது அண்ணாந்தாள். விரல்களையும் உடலின் மென்மையான இடங்களையும் மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நெருக்குவது கிட்டி. இரண்டு சொற்களும் ஆங்கில எழுத்தில் அப்படியே அறிக்கையில் ஏறின.

ஆணையம் கண்ட காரணம் இன்றைய வாசகரையும் யோசிக்க வைக்கும். வரி வசூலிப்பவரும் குற்றம் விசாரிப்பவரும் ஒரே ஆளாக, தாசில்தாராகவும் அவரது சிப்பந்திகளாகவும் இருந்ததே கொடுமைக்கு ஊற்று என்றது அறிக்கை. கடனை வசூலிக்கும் கையும் விலங்கு பூட்டும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரையின் சாரம். 1859-இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்தது; வருவாய்த்துறையிலிருந்து பிரிந்த தனிக் காவல்துறை உருவானது. காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற விதி 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்து, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 25, 26-ஆம் பிரிவுகளாக நிலைபெற்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அதே விதி 23-ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

கூடவே ஓர் ஓட்டையும் தொடர்கிறது. வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும் என்பது பழைய 27-ஆம் பிரிவு. சென்னை மாகாணத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு கொலை வழக்கில், 1947-இல், பிரிவி கவுன்சில் அந்தப் பகுதியை மிகக் குறுக்கியே வரையறுத்தது. அப்படியும், பொருளை 'எடுத்துக் கொடுக்க' வைக்கும் அவசரம் விசாரணை அறையை விட்டுப் போகவில்லை. நகைத் திருட்டு வழக்குகளில் அடி ஏன் அதிகம் விழுகிறது என்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

வரச் சொல்லும் அதிகாரம்

இனி அந்தச் செல்பேசி அழைப்புக்குத் திரும்புவோம். ஒருவரைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. சாட்சியாக, அதாவது விவரம் தெரிந்தவராகக் கருதினால் 179-ஆம் பிரிவு. குற்றம் செய்திருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் இருந்து, கைது தேவைப்படாவிட்டால் 35(3)-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இவை முறையே 160, 41ஏ.

179-ஆம் பிரிவின் வாசகம் தெளிவானது. உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். அழைக்கப்படுபவர் அந்த நிலைய எல்லையிலோ அடுத்த நிலைய எல்லையிலோ இருப்பவராக இருக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸார்தான் போக வேண்டும். பழைய சட்டத்தில் 65 என்றிருந்த மேல்வரம்பை 2023-இன் சட்டம் 60 ஆக்கியது. அவர்களாக விரும்பி வந்தால் தடையில்லை என்று ஒரு வரியும் உண்டு. 'விரும்பி' என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு வற்புறுத்தலை அடைக்கலாம் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும்.

சந்தேக நபருக்கான 35(3) அறிவிப்பு இன்னும் வலுவான பாதுகாப்பு. அறிவிப்பின்படி ஆஜராகிக்கொண்டிருக்கும் ஒருவரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது இயந்திரத்தனமாக நடக்கக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இந்த அறிவிப்புக்குக் கூடுதல் முக்கியத்துவம் வந்தது. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது, சட்டம் சொல்லும் முறையில்தான் சேர்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. வாட்ஸ்அப்பே செல்லாது என்றால் வாய்வார்த்தை எப்படிச் செல்லும் என்று கேட்பது நியாயமே.

இங்கேதான் சிக்கல். இரண்டு பிரிவுகளும் புலன்விசாரணை நடக்கும் வழக்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை. புலன்விசாரணை எஃப்.ஐ.ஆரில் தொடங்குகிறது. எஃப்.ஐ.ஆர். இல்லாத வெறும் 'மனு விசாரணை'க்கு ஒருவரை அழைக்கும் அதிகாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது? நேரடியான பதில் சட்டத்தில் இல்லை. அதிகாரம் இல்லாததால் அதற்கான கட்டுப்பாடும் எழுதப்படவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் இந்த இடைவெளியை நன்கு அறியும். 'விசாரணை என்ற பெயரில் துன்புறுத்துகிறார்கள்' என்று வந்து குவியும் மனுக்களில் அது ஏறக்குறைய ஒரே வடிவிலான உத்தரவைப் பிறப்பித்து வந்திருக்கிறது: அழைப்பதாக இருந்தால் நாளும் நேரமும் குறிப்பிட்டு எழுத்து மூலம் 160-ஆம் பிரிவின் கீழ் அழையுங்கள், விசாரணையில் நடந்ததை நிலையப் பொது நாட்குறிப்பில் பதியுங்கள், வந்தவரைத் துன்புறுத்தாதீர்கள், எஃப்.ஐ.ஆர். பதிவு குறித்த லலிதா குமாரி வழக்கின் விதிகளைப் பின்பற்றுங்கள். புலன்விசாரணைக்கான பிரிவை மனு விசாரணைக்கும் நீட்டிய இந்த உத்தரவு ஓர் ஒட்டுப்போடும் வேலைதான். இருந்தாலும் பயனுள்ள ஒட்டு. தொலைபேசியில் அழைப்பவரிடம் "சம்மன் அனுப்புங்க சார், வந்துடறேன்" என்று பணிவாகச் சொல்லும் குடிமகனுக்குப் பின்னால் நிற்பது இதுதான்.

எல்லாராலும் அப்படிச் சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. வங்கி அலுவலர் சொன்னால் மரியாதையாகத் தெரியும் வாக்கியம், கட்டடத் தொழிலாளி சொன்னால் திமிராகத் தெரியும். விழிப்புணர்வு முகாம்கள் இந்த வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

கேள்விக்குப் பதில் சொல்லாதிருத்தல்

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3)-ஆம் கூறு. இந்தக் கூறு நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமா, காவல் நிலைய மேசைக்குமா? இதற்கு விடை தந்தது ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியின் வழக்கு. சொத்துக் குவிப்புப் புகாரில் கட்டாக் விஜிலென்ஸ் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, எழுதித் தயாரித்த கேள்விப் பட்டியலைக் கொடுத்தார்கள். அவர் பதில் தர மறுத்தார். மறுத்ததற்காகவே வழக்கு போட்டார்கள். 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, அந்த உரிமை போலீஸ் விசாரணைக் கட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது என்றது. ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்ததே சட்டமீறல் என்றும் கண்டித்தது.

எல்லாக் கேள்விக்கும் வாய் திறக்காமல் இருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 180-ஆம் பிரிவின்படி, தன்னைக் குற்ற வழக்கிலோ தண்டத்திலோ சிக்கவைக்கக்கூடிய கேள்விகளைத் தவிர மற்றவற்றுக்கு உண்மையான பதில் சொல்லக் கடமை உண்டு. பெயர், முகவரி, சம்பவத்தன்று ஊரில் யாரைப் பார்த்தார் என்பவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'நீதானே எடுத்தாய்' என்பதற்கு வேண்டியதில்லை. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் வாக்குமூலத்தில் சேராது என்று 1961-இல் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லிவிட்டது. நார்கோ, பாலிகிராஃப் சோதனைகளைச் சம்மதம் இல்லாமல் நடத்த முடியாது என்பது 2010-இன் செல்வி வழக்குத் தீர்ப்பு.

வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமையில் சட்டம் தடுமாறுகிறது. நந்தினி சத்பதி தீர்ப்பு, கைதாகாதவருக்கும் விசாரணை நெருக்கடி காவலை ஒத்திருந்தால் வழக்கறிஞர் துணை வேண்டும் என்று தாராளமாகப் பேசியது. நாடாளுமன்றம் பின்னர் எழுதிய விதி (இன்றைய 38-ஆம் பிரிவு) கைதானவருக்கு மட்டும், அதுவும் விசாரணை முழுக்க அல்லாமல் இடையில் சந்திக்க மட்டும் அனுமதி தருகிறது. சுங்க, கலால் அதிகாரிகளின் விசாரணையில் வழக்கறிஞர் உடனிருக்க உரிமையில்லை என்று 1992-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆக, கைதானவருக்கு அரை உரிமை, 'சும்மா விசாரிக்க' வந்தவருக்கு அதுவும் இல்லை. அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் கட்டத்தில் குறைவான பாதுகாப்பு.

கையெழுத்து விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. புலன்விசாரணையில் போலீஸாரிடம் தரும் வாக்குமூலத்தை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். சொன்னவரிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181-ஆம் பிரிவு. அப்படியிருந்தும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியதாகச் சொல்லப்படாத வழக்கு விசாரணையைப் பார்ப்பது அரிது.

சி.எஸ்.ஆர். என்னும் முன்கூடம்

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு காகிதம் உண்டு: சி.எஸ்.ஆர். சமூகப் பணிப் பதிவேட்டில் மனுவைப் பதிந்து கொடுக்கும் ரசீது அது. 'கம்ப்ளெயின்ட் கொடுத்தாச்சு, சி.எஸ்.ஆர். போட்டுட்டாங்க' என்று நிம்மதியாக வீடு திரும்புபவர்கள் அதை எஃப்.ஐ.ஆருக்குச் சமமாக எண்ணுகிறார்கள். அது எஃப்.ஐ.ஆர். அன்று, மத்திய நடைமுறைச் சட்டத்தில் அப்படியொரு ஆவணமே கிடையாது.

பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், நெடுநாள் தாமதம் போன்றவற்றில் மட்டும் பூர்வாங்க விசாரணைக்கு இடம் விட்டார்கள். புதிய சட்டத்தின் 173(3)-ஆம் பிரிவு இதை விரிவாக்கிவிட்டது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் கீழ் வரை தண்டனையுள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். நிலையத்தார் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு அனுப்பலாம், பிறகு நடுவரிடம் போகலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். பதிந்தால் புகார்தாரருக்கு நகல் இலவசம்.

சி.எஸ்.ஆர். கட்டத்தில் பெரும்பாலும் வருவது குற்றமே இல்லாத தகராறுகள். இரண்டு லட்சம் கைமாற்று வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவர் மூன்றாண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போகலாம். காசோலை வாங்கி அது திரும்பியிருந்தால் வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு, 15 நாள் அவகாசம், அடுத்த ஒரு மாதத்துக்குள் நடுவரிடம் நேரடி முறையீடு. இரண்டு வழியிலும் காவல் நிலையத்துக்கு வேலையே இல்லை. ஆனால் நீதிமன்றக் கட்டணம், வக்கீல் பீஸ், வாய்தா என்று ஆண்டுகள் போகும். ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தால் எதிராளியை மறுநாளே வரவழைத்து, "எப்ப தரே? எழுதிக் கொடு" என்று கேட்டுவிடுவார்கள். வேகம்தான் இதன் கவர்ச்சி. கட்டப்பஞ்சாயத்து என்று ஊர் இதைத் திட்டும். தனக்கு வரவேண்டிய பணம் என்றால் அதே ஊர் அதே வாசலில் நிற்கும்.

அந்த 'எழுதிக் கொடுத்தல்' கவனிக்க வேண்டிய சடங்கு. 'வருகிற பத்தாம் தேதிக்குள் தொகையைத் தந்துவிடுகிறேன், தவறினால் சட்ட நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்' என்று ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதி, கீழே கையெழுத்தும் செல்பேசி எண்ணும் போட வேண்டும். வற்புறுத்தலில் பெற்ற சம்மதம் 1872-இன் ஒப்பந்தச் சட்டப்படி ரத்தாகக் கூடியது. வற்புறுத்தல் நடந்தது என்று எதை வைத்து நிரூபிப்பது? வந்த நேரம், போன நேரம் எதுவும் எங்கும் பதிவாகியிருக்காது. 1855-இன் ஆணையம் பிரிக்கச் சொன்ன இரண்டு கைகளும், கடன் வசூலும் விலங்கும், இந்த மேசையில் மறுபடி சேர்ந்துகொள்கின்றன.

வாடகைத் தகராறுக்கும் இதுவே கதை. 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தனியே வாடகை அதிகார அமைப்பை ஏற்படுத்தியிருக்கிறது. குடிநீரையும் மின்சாரத்தையும் வீட்டு உரிமையாளர் துண்டிக்கக் கூடாது என்கிறது. வரப்புத் தகராறுக்கு சர்வேயர் இருக்கிறார். எங்கே போக வேண்டும் என்று தெரியாதவர்களும், தெரிந்தே குறுக்கு வழி தேடுபவர்களும் ஸ்டேஷனுக்குத்தான் போகிறார்கள்.

வாய்ச்சண்டை கைகலப்பாகிவிட்டால் காட்சி மாறும். அப்போது வரும் எஃப்.ஐ.ஆரில் மூன்று பிரிவுகள் சேர்ந்தே வரும். முன்பு 294(பி), 323, 506(2). இப்போது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351(3). ஆபாச வார்த்தை, சாதாரணக் காயம், கொலை மிரட்டல். தமிழ்நாட்டில் நிலப் பிரச்சினை முதல் பைக் உரசல் வரை எல்லாச் சண்டையிலும் மனிதர்கள் தவறாமல் ஆபாசமாகத் திட்டிக்கொள்கிறார்களா என்று வியக்கலாம். விடை சட்ட அட்டவணையில் இருக்கிறது. சாதாரணக் காயம் மட்டும் என்றால் நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸார் புலன்விசாரணை செய்ய முடியாது. ஆபாச வார்த்தைப் பிரிவில் செய்ய முடியும். ஒரு பிரிவு அப்படி இருந்தால் மொத்த வழக்கும் அப்படியே கருதப்படும். எனவே கெட்ட வார்த்தை முதலில் வருகிறது. வெறும் வசைச்சொல் இந்தப் பிரிவுக்குப் போதாது என்று 2022-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கியது, எஃப்.ஐ.ஆர். எழுதும் பழக்கம் அதனால் பெரிதாக மாறியதாகத் தெரியவில்லை. இரு தரப்பும் புகார் கொடுத்தால் வழக்கையும் எதிர் வழக்கையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று மாநிலக் காவல் நிலையாணை சொல்கிறது. தன் புகார் கிடப்பில், எதிராளி புகார் ஓட்டத்தில் என்று இருப்பவர் எடுத்துக்காட்டலாம்.

காகிதம் இல்லாத மரணமும் காகிதம் இருந்த மரணமும்

ஆவணமே பாதுகாப்பு என்ற இக்கட்டுரையின் வாதத்தை இரண்டு சம்பவங்களில் உரசிப் பார்க்க வேண்டும்.

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரின்பேரில் போலீஸ் தனிப்படையின் விசாரணைக்கு ஆளானார். மறுநாள் இறந்தார். உடற்கூறாய்வில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள் பதிவாயின. எஃப்.ஐ.ஆர். பதிவாகாமலே தனிப்படை எப்படி உள்ளே வந்தது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த இளைஞர் சட்டத்தின் கணக்கில் அப்போது கைதியும் இல்லை. அறிவிப்பு பெற்றவரும் இல்லை. கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்தில் நடுவர் முன் நிறுத்துதல் என்று அரசியலமைப்பும் 1996-இன் டி.கே. பாசு தீர்ப்பும் அடுக்கிய காப்புகளில் ஒன்றும் அவருக்குத் தொடங்கவே இல்லை. இந்தச் சம்பவம் வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

சாத்தான்குளம் எதிர்த்திசையில் இழுக்கிறது. 2020 ஜூன் 19 அன்று செல்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும் ஊரடங்கு நேரத்தை மீறியதாக நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே காகிதத்துக்குக் குறைவே இல்லை. எஃப்.ஐ.ஆர். இருந்தது, தரையில் உருண்டதால் காயம் என்று அதில் எழுதியிருந்தது. மருத்துவச் சான்று இருந்தது. நடுவரின் ரிமாண்ட் உத்தரவு இருந்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட இருவரும் 22-ஆம் தேதி இரவும் 23-ஆம் தேதி காலையும் அடுத்தடுத்து இறந்தார்கள். டி.கே. பாசுவின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பல கட்டங்களுக்கு எதிரே டிக் அடிக்கலாம்.

பொய்யை உடைத்தது நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த கண். மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அது அனுப்பிய கோவில்பட்டி நடுவர் நிலையத்துக்குள்ளேயே போய் விசாரித்தார்; அங்கே அவருக்கு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை, அவமதிப்புதான் கிடைத்தது. நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் உத்தரவிட்டது. 1859-இல் வருவாய்த்துறையின் பிடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட காவல்துறையின் ஒரு நிலையத்துக்கு இது நேர்ந்தது. கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் கண்டறிந்தார். அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் பார்த்ததைச் சொன்னார். பக்கத்துக் கடை கேமரா, எஃப்.ஐ.ஆர். சொன்ன கதைக்கு மாறான காட்சியைக் காட்டியது.

ஆகவே வாதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். காகிதம் இல்லாவிட்டால் உரிமை தொடங்குவதில்லை. காகிதம் இருந்தாலும் அதை எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அது அத்துமீறலை மூடும் போர்வையாகிவிடும். சட்டம் அந்த வெளிக்கண்ணாக நடுவரையும் மருத்துவரையும் நியமித்திருக்கிறது. அவர்கள் இருவரும் தவறும்போது அடுத்து யார் என்பதற்கு ஏற்பாடு இல்லை. காவலில் இருந்தவருக்குக் காயம் இருந்தால் அதைப் போலீஸார் ஏற்படுத்தியதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கச் சட்ட ஆணையம் 1985-இலேயே பரிந்துரைத்தது. சட்டத்தை முழுதாக மாற்றி எழுதிய 2023-லும் அது சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

செய்யக்கூடியவை

கைதுக்குப் பிந்தைய பக்கத்தில் சட்டம் தொடர்ந்து இறுகிவருகிறது. கைதுக்கான காரணத்தை எல்லாக் குற்றங்களிலும் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒலியும் பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது. கேமராக்கள் வேலை செய்யாதது குறித்து 2025 செப்டம்பரில் அதுவே தானாக முன்வந்து மறுபடி விசாரிக்க வேண்டியதாயிற்று.

கைதுக்கு முந்தைய பக்கத்தில் குறிப்பிடத்தக்க ஒரே முயற்சி தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2019-இல் வகுத்த திட்டம். சந்தேகத்தின் பேரில் அழைக்கப்பட்டவருக்கும் காவல் நிலையத்திலேயே சட்ட உதவி வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்கிறது அது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் போன்றோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. நிலையச் சுவர்ப் பலகையில் டி.கே. பாசு விதிகளுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதிவைப்பது பெரிய செலவில்லை.

தமிழ்நாடு அரசு தன் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை, டி.ஜி.பி.யின் சுற்றறிக்கையே போதும். மனு விசாரணைக்கு வருபவர் யாராக இருந்தாலும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அவரது கையெழுத்தோடு பாராக் காவலரின் மேசையிலேயே பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தின் படம் அன்றிரவே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். எந்த சி.எஸ்.ஆர். எண்ணுக்காக, எந்த அதிகாரியின் உத்தரவில் வந்தார் என்பதும் அந்த வரியிலேயே இருக்க வேண்டும். மனு விசாரணைக்கு எழுத்து மூலமே அழைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு சொல்லிவருவதைப் பொது விதியாக்கினால், அதே உத்தரவைப் பெற ஒவ்வொருவரும் மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியிருக்காது.